நெற்றியில் பார்த்த சீசன்

மர்சோல் தப்பிவிட்டது ஐயா, மர்சோல் இறங்கவில்லை, கடைசி நாள், கடைசி நிமிடம், பந்து மாட்டுப் பண்ணைக்குள் கிடக்க நடுவர் விசில் ஊத நாங்கள் தப்பிவிட்டோம்!!!

மன்னிக்கவும். முதலில் வணக்கம் எழுதியிருக்க வேண்டும்.

மதிப்புக்குரிய ஆசிரியர் பூபாலசிங்கம் ஐயா அவர்களுக்கு, மொன்ட்ரியால் பியர்பொன்ட்ஸிலிருந்து சாம்பவி பேரின்பநாதன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றும், தங்கள் பத்திரிகை தமிழ்க் கடை வாசலில் மீன்பெட்டிக்குப் பக்கத்தில் நனையாமல் இருக்கிறது என்றும் நம்புகிறேன். நானும் சுகம், தொண்டையைத் தவிர. தொண்டை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன். நான் தமிழ் வாசிக்கப் பழகியது போனில், கால்பந்து வீடியோக்களுக்குக் கீழே ஆட்கள் சண்டைபிடிப்பதைப் பார்த்துப் பார்த்து. ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கெட்டவார்த்தை இருந்தால் வெட்டிவிடுங்கள். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் வருகிறது, வொலிபோல் வருகிறது, போன மாதம் ஒருவர் காரம்போர்ட் வென்றதுகூடப் படத்தோடு வந்தது. மர்சோல் மட்டும் ஒருநாளும் வரவில்லை. நான் குறை சொல்லவில்லை ஐயா. சொல்லுகிறேன்தான், ஆனால் கோபமில்லை.

மர்சோல் யார் என்று கேட்பீர்கள். பிரெஞ்சுக் கால்பந்து என்றால் எல்லாருக்கும் பாரிஸ்தான் தெரியும். அதற்குக் கீழே ஒரு படி, அதற்கும் கீழே ஒரு படி என்று இறங்கி இறங்கிப் போனால், டிவிக்காரர் வராத ஒரு படியில், கோல்காப்பவர் விடியற்காலையில் பாண் சுட்டுவிட்டுத் தலைமுடியில் மாவோடு வந்து நிற்கும் ஒரு படியில், மர்சோல் நிற்கிறது. சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு மைதானம். ஒரு பக்கம் பலகை அடித்த தகரக் கொட்டகை, மறுபக்கம் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள். பந்து வேலி தாண்டினால் மாடு நகரும்வரை ஆட்டம் நிற்கும். நான் அந்த ஊரில்தான் பிறந்தேன். எனக்கு ஒன்பது வயதாகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் அம்மாவின் தம்பி, என் ஸ்ரீதரன் மாமா, என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கொட்டகையில் இருத்துவார். அம்மா ஒரு தட்டு நிறைய மட்டன் றோல்ஸ் சுட்டுக் கொடுத்துவிடுவா, இடைவேளையில் விற்க. முதல்நாள் ஒருவரும் வாங்கவில்லையாம். இரண்டாம் வாரம் கிளப் தலைவர் ஒன்று வாங்கினாராம். மூன்றாம் வாரத்திலிருந்து இடைவேளைக்கு முதலே முடிந்துவிடுமாம். மழை தகரத்தில் கொட்டுகிற சத்தம், ஈரச் சப்பாத்து மணம், கடதாசியில் சுற்றிய சூடான றோல்ஸ், மாமாவின் ஜம்பர் கழுத்தைக் குத்துவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் எனக்குக் கால்பந்து. பிறகு எவ்வளவு பெரிய மச்செல்லாம் பெரிய திரையில் பார்த்துவிட்டேன், ஒன்றும் அந்த மணம் மணக்கவில்லை.

மாமா சும்மா இருந்து பார்க்கிற ஆள் இல்லை. பந்து எங்கட ஆளின் காலுக்கு வந்தால் எழும்பி நின்று "அடியடா! அடியடா!" என்று கத்துவார். பக்கத்தில் இருந்த தபால்காரர் அது ஏதோ கிளப் சுலோகம் என்று நினைத்துத் தானும் கத்தினார். அவர் கத்த அவர் பெண்சாதி கத்தினா. ஒரு வருடத்தில் கொட்டகை முழுக்க, தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாத அவ்வளவு பேரும், "அதியதா! அதியதா!" என்று கத்தினார்கள். இன்றைக்கும் கத்துகிறார்கள். தோற்ற அணிக்காரர் ஒருமுறை இது கெட்டவார்த்தை என்று நடுவரிடம் முறைப்பாடு செய்தார்கள்.

பிறகு நாங்கள் மொன்ட்ரியாலுக்கு வந்தோம். பெரியப்பா இங்கே இருந்தார், அப்பாவுக்கு வேலை இருந்தது, வந்தோம். மர்சோலில் இருந்த மற்ற இரண்டு தமிழ்க் குடும்பமும் பாரிஸுக்குப் போய்விட்டது. மாமா மட்டும் வரவில்லை. அம்மா விமானநிலையத்திலும் விடவில்லை.

"தம்பி, நீ ஒராள் அந்த ஊரில இருந்து என்ன செய்யப்போறாய்? எங்களோட வாவன்ரா."

"நானும் வந்தா கோல்போஸ்டுக்கு ஆர் அக்கா வலை கட்டுறது?"

அம்மா அதைப் பகிடி என்று நினைத்தா. அது பகிடி இல்லை ஐயா. வலை கட்டுவது, கோடு போடுவது, உடுப்பு மாற்றும் அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பு வைத்திருப்பது எல்லாம் மாமாதான். றோல்ஸும் அவரே சுடுகிறார். அம்மா சுட்டதுபோல வராது என்று அம்மா சொல்லுவா.

இனி சீசனுக்கு வருகிறேன். இந்தப் படிக்கு நேரடி ஒளிபரப்பு இல்லை, ஆகவே மாமாவின் போன்தான் எங்கள் டிவி. அங்கே பின்னேரம் நாலு மணிக்கு ஆட்டம் தொடங்க இங்கே காலமை பத்து மணி, வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. ஆனால் மாமா போனைப் பிடிக்கிற விதம் எங்கள் ஆட்கள் எல்லாரும் பிடிக்கிற விதம்தான். வாசகர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிவது மாமாவின் நெற்றி. நெற்றிக்கு மேலே கொஞ்சம் தகரம். அவ்வளவுதான்.

"மாமா, போனைத் திருப்புங்கோ!"

"திருப்பித்தான் பிள்ளை வச்சிருக்கிறன், வடிவாத் தெரியுதோ?"

"உங்கட நெத்திதான் தெரியுது!"

"ஓமோம், நல்ல கிளியர் என்ன."

செப்டெம்பரில் தொடங்கி மே மாதம்வரை ஒரு முழுச் சீசனை நான் ஒரு மனிசனின் நெற்றியில் பார்த்தேன். முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. நெற்றியில் ஒரு கோடு விழுந்தால் மூலை உதை, இரண்டு விழுந்தால் ஆபத்து, புருவம் ஏறினால் நடுவர் ஏதோ அநியாயம் செய்துவிட்டார். திடீரென்று வானம் தெரிந்தால் எங்கட கோல், ஏனென்றால் கையைத் தூக்குகிறார். திரை கறுப்பானால் அவங்கட கோல், ஏனென்றால் போனைப் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டார். இந்தச் சீசனில் நான் பொக்கெற்றைத்தான் கூடப் பார்த்தேன். இதை வைத்தே நான் இணையத்தில் தமிழில் ஒரு பக்கம் நடத்தினேன், உலகத்திலேயே மர்சோலுக்குத் தமிழில் இருக்கும் ஒரே பக்கம். பின்தொடர்பவர்களில் அரைவாசி சொந்தக்காரர், மற்ற அரைவாசி மர்சோல் என்றால் சாப்பாட்டுக்கடை என்று நினைத்து வந்தவர்கள். ஒருவர் ஒவ்வொரு கிழமையும் "கொத்து ரொட்டி இருக்கா" என்று கேட்பார்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். பியர்பொன்ட்ஸ் பஸ் எவ்வளவு நேரம் ஓடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒரு பாதி ஆட்டம் முடிந்தும் மெட்ரோ வராது. திடீரென்று வானம்! நான் என்னையறியாமல் எழும்பி "அடியடா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மனிசி தன் பையைக் கட்டிப்பிடித்தா. ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்திக் கண்ணாடியில் பார்த்து "சா வா, மத்மொசெல்?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டார். "கோல் அடிச்சிட்டம்" என்றேன். "ஆர்?" என்றார். "மர்சோல்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்த அணியென்று தெரியாமலே, "பிராவோ" என்றார். கியூபெக்கில் எனக்குப் பிடித்தது இதுதான். பிறகு பார்த்தால் அது கோல் இல்லை, மாமா கொட்டாவி விட்டவர்.

கார்த்திகை, மார்கழி, தை, எல்லாம் தோல்வி. இங்கே அப்பா பனி அள்ளிக்கொண்டு நிற்பார், நான் யன்னலைத் திறந்து "பொக்கெற்!" என்று கத்துவேன், அப்பா சவளை நிலத்தில் குத்திவிட்டு நிற்பார். ஆட்டம் ஒன்று மழையால் ரத்தான கிழமை நாங்கள் கேக் வெட்டினோம், தோற்கவில்லை என்று.

மார்ச் மாதம் ஒரு காரியம் நடந்தது. இங்கே கோடை காலத்துக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, அங்கே இன்னும் தள்ளாத கிழமை அது. நான் அதை மறந்து வழக்கம்போலப் பத்து மணிக்கு எடுத்துவிட்டேன். மாமா போனை எடுத்து நிலத்தில் எங்கேயோ கோல்போஸ்டோடு சாத்தி வைக்கும்போது ஏதோ அமத்துப்பட்டு, அந்தச் சீசனில் முதல் தடவையாக, படம் மறுபக்கம் திரும்பிவிட்டது. முழு மைதானமும் தெரிந்தது ஐயா. ஒருவரும் இல்லை. கொட்டகையின் தகரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கடைசி வரிசையில் நான் இருந்த பலகை அப்படியே இருந்தது. மாடுகூட அதே இடத்தில் நின்றது, அதே மாடாக இருக்க முடியாது, ஆனாலும்.

"மாமா, ஏன் ஒருத்தரையும் காணேல்லை?"

"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு பிள்ளை. நான் வலை கட்டுறன்."

அவர் ஏணியில் ஏறி வலையைக் கொளுவிக்கொண்டே கதைத்தார். நெற்றி இல்லாமல் முழு மனிசனாக மாமாவைப் பார்த்து எவ்வளவு காலம். கொஞ்சம் கூனிவிட்டார்.

"நேற்று ஊர்ச்சபையில கூட்டம் வச்சவங்கள்," என்றார். "இந்த முறை இறங்கினா, பக்கத்து ஊர்க் கிளப்போட சேர்த்துப்போட்டு மூடுறாங்களாம்."

"என்னத்தை மூடுறது?"

அவர் கையால் சுற்றிக் காட்டினார். "இதைத்தான்."

"அப்ப நீங்கள் சனிக்கிழமையில என்ன செய்வியள்?"

மாமா ஒரு கொளுக்கியைக் கொளுவி முடித்துவிட்டு, "உடுப்புத் தோய்ப்பன்," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அவரோடு கதைக்கிற ஆட்கள் எல்லாரும் அந்தக் கொட்டகையில் இருக்கிறவர்கள்தான். கிழமையில் ஆறு நாள் அவர் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார், சனிக்கிழமை மட்டும்தான் அவரை "ஸ்ரீ! ஸ்ரீ!" என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் வெற்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமில்லாத கதை எல்லாம் கதைத்தோம். இந்தச் சீசனில் நான் பார்த்த நல்ல ஆட்டம் அதுதான். பிறகு ஆட்கள் வந்தார்கள், மாமா போனைக் கையில் எடுத்தார், பழையபடி நெற்றி. அன்றைக்கு இரண்டு தரம் வானம் தெரிந்தது. வென்றுவிட்டோம்!

இப்படியே முட்டிமோதிக் கடைசி நாளுக்கு வந்தோம். நிலைமை இதுதான்: எங்களோடு சேர்ந்து அடியில் கிடந்தது தெர்ன்வில் என்று ஒரு அணி, இரண்டில் ஒன்று கீழ்ப் படிக்கு இறங்கவேண்டும். அதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை, அம்மா குசினியில் தமிழ்க் கடைக் கலண்டருக்கு முன்னால் கையில் அகப்பையோடு அசையாமல் நிற்கிறா. பிறகு ஒரு சத்தம். நான் ஓடிப்போனேன்.

"சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதில இருந்து பத்தரை! மச் எத்தினை மணிக்கு? பத்து மணிக்கு! ஐயோ, சீசன் முழுக்க உவங்கள் ராகு காலத்தில தொடங்கி இருக்கிறாங்கள்! விளங்குமே?"

அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்து மெல்லச் சொன்னார்: "இஞ்ச பாரும், அங்க அப்ப பின்னேரம் நாலு மணி. அங்கத்தை ராகு காலம் காலமையே முடிஞ்சுது."

"பாக்கிறது ஆர்? நாங்கள். நாங்கள் எங்க இருக்கிறம்? பியர்பொன்ட்ஸில."

"பந்து எங்க இருக்கு?"

"பந்துக்கு என்னப்பா தெரியும்?"

அம்மா விடவில்லை. "மார்ச்சில ஒண்டு வெண்டவங்களெல்லோ, அது எத்தினை மணிக்கு?" நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன் ஐயா. அந்த ஒரு ஆட்டம்தான் மணிக்கூடு மாறினதால் எங்கட பதினொரு மணிக்குத் தொடங்கியது! நான் படித்த பிள்ளை, இதையெல்லாம் நம்பக்கூடாது, ஆனால் புள்ளிவிபரம் என்று ஒன்று இருக்கிறதுதானே. அம்மா போனை எடுத்தா.

"தம்பி, நாளைக்கு அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கோணும்."

"அக்கா, நான் வலை கட்டுறவன். நடுவரிட்ட நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதை. திறப்பைத் துலை."

அக்கா சொல்லி மாமா தட்டினதாகச் சரித்திரம் இல்லை. அடுத்த நாள் நாங்கள் நாலு பேரும், என் தம்பி பிரணவன் உட்பட, போனுக்கு முன்னால். நெற்றி முழுக்க வியர்வை. சுற்றவரச் சத்தம், நடக்கிறதை மாமா எங்களுக்குத் தமிழில் முணுமுணுக்கிறார். இரண்டு அணியும் உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியில் கைப்பையோடு நிற்கிறது, நடுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், கிளப் தலைவர் "ஸ்ரீ, திறப்பு எங்கே? ஸ்ரீ, யோசி!" என்று மூன்றாம் தரம் கேட்கிறார். பேக்கரிக்காரர் கதவை உடைக்கட்டா என்று கேட்கிறார்.

"மாமா, எங்க ஒளிச்சு வச்சனியள்?" பிரணவன் கேட்டான்.

"றோல்ஸுக்குக் கீழ," மாமா வாய் திறக்காத குரலில் சொன்னார்.

இங்கேதான் நாங்கள் எல்லாரும் கதிரையிலிருந்து எழும்பினோம். ஏனென்றால் கிளப் தலைவர் பயம் வந்தால் பசிக்கிற மனிசன். அவர் ஒரு றோல்ஸ் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். மாமாவின் நெற்றியில் இதுவரை நான் பார்க்காத கோடெல்லாம் விழுந்தது. "அவரைப் பேச்சுக் குடுத்து அங்கால கூட்டிக்கொண்டு போங்கோ!" என்று அப்பா கத்தினார், ராகு காலத்தை நம்பாத அதே அப்பா. தலைவர் மூன்றாவதுக்குக் கை நீட்ட, மாமா தட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "இடைவேளைக்குப் போதாது!" என்று பிரெஞ்சில் அலறினார். அம்மா மைக்ரோவேவ் மணிக்கூட்டுக்கு முன்னால் நின்றா. இலக்கம் மாறியது.

"தம்பி, இப்ப எடு."

திறப்பு கிடைத்துவிட்டது! கொஞ்சம் எண்ணெயோடு. ஆட்டம் தொடங்கியது. எங்களுக்கு அதிர்ஷ்டம் எங்கே அடித்தது என்றால், தெர்ன்வில் சரியான நேரத்துக்குத் தொடங்கினதால் எங்களுக்கு முதலே முடித்துவிட்டது, தோற்றும்விட்டது. ஆக எங்களுக்குச் சமநிலை போதும் என்று கொட்டகை முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் கோல் பக்கம் போகவே இல்லை ஐயா. பந்து வரும், வேலிக்கு மேலால் மாட்டுப் பண்ணைக்கு அடிப்பார்கள், எல்லாரும் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "அதியதா! அதியதா!" என்று ஊரே கத்துகிறது, வேலிக்கு வெளியே அடிக்கச் சொல்லி. மாமா என்னை இருத்தின காலத்தில் கோலுக்கு அடிக்கக் கத்தின சொல் அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு விசில், பிறகு வானம். நீளமாக, ஆடாமல், வானம். மாமா கையைக் கீழே இறக்கவே இல்லை. அம்மா வெளியில் போய் டிரைவ்வேயில் தேங்காய் உடைத்தா, முன்வீட்டு இத்தாலியன் கிழவர் ஓடிவந்து ஒரு பாதியைப் பொறுக்கித் தந்து கார் டயர் ஏதும் வெடித்ததா என்று கேட்டார்.

ஆகவே ஐயா, என் விண்ணப்பம்: இதைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் போடவும், காரம்போர்ட்டுக்குக் கொடுத்த அளவு இடம் போதும். ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை காலமை எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வெற்றிக் கொண்டாட்டம். மர்சோலில் அன்றைக்குப் பழைய ஆட்டக்காரரும் புதிய ஆட்டக்காரரும் விளையாடுகிறார்கள், மாமா போனில் காட்டுவார், காட்டுவார் என்று அவர் நம்புவார். அனைவரும் வருக.

தங்கள் பத்திரிகைக்கு விளம்பரம் பெருகவும், அச்சு மங்காமல் இருக்கவும், தங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த அணியைப் பிடித்தாலும் அந்த அணி இறங்காமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
மர்சோலின் மொன்ட்ரியால் கிளை (தலைவி, செயலாளர், உறுப்பினர்),
சாம்பவி

பின்குறிப்பு: ஐயா, மேலே உள்ளதை எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று அம்மா வாங்கி வைத்ததில் இரண்டு கிழமை போய்விட்டது. அதற்குள் எல்லாம் தலைகீழ். நாங்கள் தப்பவில்லை. இறங்கிவிட்டோம். கடைசி நாளில் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கவேண்டும் என்று சட்டமாம், தெர்ன்வில்காரர் முறைப்பாடு செய்துவிட்டார்கள். நடுவரும் திறப்பில் இறைச்சி மணத்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்போதும் தலைவர் "திறப்புத் தொலைந்தது, அவ்வளவுதான்" என்று மாமாவுக்காக நின்றிருக்கிறார். விசாரணைக்காரர் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்க, மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ராகுவைப் பற்றியும் சொல்லிவிட்டார். அவர்கள் மிகவும் கவனமாகக் கேட்டுவிட்டு, இந்த ராகு என்பவர் கிளப்பில் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று விசாரித்தார்களாம். அந்த ஆட்டம் தோல்வி என்று எழுதியாகிவிட்டது. கிளப் பக்கத்து ஊரோடு சேர்கிறது. மைதானம் மூடுகிறது.

இது போதாதென்று அம்மா கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டிருக்கிறா. கலண்டரில் இருக்கிற நேரத்துக்கு, கோடை காலத்தில் ஒரு மணித்தியாலம் கூட்டிப் பார்க்கவேண்டுமாம். அப்படியென்றால் பத்தரை மணி என்பது ராகு காலத்தின் நட்டநடு. மார்ச்சில் நாங்கள் வென்ற ஆட்டமும் அதற்குள்தான். அம்மா அந்தக் கலண்டரைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்திருக்கிறா.

இப்போது கேளுங்கள் ஐயா, இதுதான் முக்கியம். மாமா திறப்பைக் கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இருக்கிறார். வீடியோவில் எடுத்தால் எடுக்கிறார் இல்லை, படமில்லாமல் சும்மா போனில்தான் கதைக்கிறார். போன சனிக்கிழமை நான் கேட்டேன்.

"மாமா, என்ன செய்யிறியள்?"

"உடுப்புத் தோய்க்கிறன் பிள்ளை."

ஜூன் கடைசிச் சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, ஆனால் அது இப்போது அந்த மைதானத்தின் கடைசி ஆட்டம். பேக்கரிக்காரர் பாணும் கொண்டு மாமாவின் வாசலுக்கே போயிருக்கிறார். "ஸ்ரீ, ஒருவருக்கும் உன்மேல் கோபமில்லை. எங்களுக்கு வலை கட்டத் தெரியாது" என்றாராம். மாமா "பிறகு பார்ப்பம்" என்று தமிழில் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

ஆகவே கொண்டாட்டம் இல்லை, ஆனால் எல்லாரும் வாருங்கள். மொன்ட்ரியால்-நோரிலிருந்து வாருங்கள், லொங்குய்யிலிருந்து வாருங்கள், பஸ் நீளம்தான், பரவாயில்லை. கால்பந்து தெரியாதவர்களும் வாருங்கள், கொத்து ரொட்டி கேட்டவரும் வரலாம், அம்மா போட்டுத் தருவா. ஒன்பது மணிக்கே வாருங்கள், வலை கட்ட நேரம் வேண்டும். "ராகு காலமெண்டாலும் வரச்சொல்லு" என்று இந்த வரியை அம்மாதான் சொல்லி எழுதுவித்தா. அவ வீடியோவில் எடுப்பா, முகத்தைக் காட்டு என்று அக்காவே கேட்டால் மாமாவால் தட்ட ஏலாது. எடுத்தவுடன் பேஸ்மென்ட் முழுக்க ஒரே குரலில் "அடியடா!" என்று கத்தவேண்டும், அவர் எழும்பிச் சப்பாத்துப் போடும்வரை. தெரிந்தவர்களுக்கெல்லாம் இதை அனுப்புங்கள். கத்தக்கூடிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஒன்றே ஒன்று. மாமா எடுத்தால் நெற்றிதான் தெரியும். தயவுசெய்து ஒருத்தரும் போனைத் திருப்பச் சொல்லாதேங்கோ.